இடுப்பு உடைந்த பெரியவருக்கு ஆபரேஷன் தள்ளிப்போகிறதா? எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்கக் கூடாது

என் பெரியம்மா விழுந்தது ஒரு வியாழக்கிழமை விடியற்காலை, கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில். ஆபரேஷன் நடந்தது அடுத்த செவ்வாய்க்கிழமை. நடுவில் ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் எங்கள் காதில் விழுந்த ஒரே பதில், "இன்னும் ஃபிட்னஸ் வரலை", அதாவது மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்ய உடம்பு தயார் என்று டாக்டர்கள் இன்னும் ஒப்புதல் தரவில்லை. யாரும் அலட்சியமாக இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதைச் சரிசெய்வதற்காகக் காத்திருக்கிறோம், அது எப்போது சரியாகும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது, அதைக் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

நான் டாக்டர் இல்லை. அந்த ஐந்து நாளுக்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன், தெரிந்த மயக்க மருந்து டாக்டர்களிடம் உட்கார்ந்து கேட்டேன். வார்டு வராந்தாவில் கையில் ஒரு பை மாத்திரையோடு நிற்கும் மகனுக்கும் மகளுக்கும் மருமகளுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன். முடிவு எடுக்க வேண்டியவர் டாக்டர்தான், கேள்வி கேட்க வேண்டியவர் நீங்கள்.

முதல் சில மணி நேரம்

வயதானவர் விழுந்து, எழுந்திருக்க முடியாமல், ஒரு கால் கொஞ்சம் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் அது பெரும்பாலும் தொடை எலும்பின் மேல்பகுதி, அதாவது நாம் "இடுப்பு எலும்பு" என்று சொல்லும் இடம் உடைந்ததுதான். தூக்கி நிறுத்திப் பார்க்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். எண்ணெய்க் கட்டு, புத்தூர்க் கட்டு என்று யாராவது சொல்வார்கள், நம் ஊரில் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். கை மணிக்கட்டுக்கு என்னவோ, இந்த இடத்துக்கு அது வேண்டவே வேண்டாம். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி உடைந்தால் பந்து போன்ற மேல் முனைக்குப் போகும் ரத்த ஓட்டமே அறுந்துபோகலாம், வெளியே இருந்து எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அந்த எலும்பை அசையாமல் பிடித்து வைக்கவும் முடியாது. ஆறு வாரம் படுக்கையில் கிடந்து சேரட்டும் என்று விட்டால், எலும்பு சேருவதற்குள் நெஞ்சுச் சளியும் படுக்கைப் புண்ணும் ஆளைக் கொண்டுபோய்விடும். சிலருக்கு முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாது. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, ஆனால் கால் ஊன்றவே முடியவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. எடுக்கலாமா என்று கேளுங்கள்.

கிளம்பும்போது ஒரு பையில் இவற்றைப் போடுங்கள்: அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும் (பெயரைச் சொன்னால் போதும் என்று நினைக்காதீர்கள், அட்டையே வேண்டும்), பழைய ஈ.சி.ஜி., எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) ரிப்போர்ட் இருந்தால் அவை, ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. ஒரு தாளில் எத்தனை மணிக்கு விழுந்தார், கடைசியாக எப்போது சாப்பிட்டார், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் கடைசி மாத்திரை எந்த நாள் எத்தனை மணிக்கு என்று எழுதி வையுங்கள். இந்தக் கடைசி வரி மட்டுமே சில சமயம் ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

நேரம் ஏன் முக்கியம்

உடைந்த எலும்பு காத்திருக்கும், உடம்பு காத்திருக்காது. முறிவிலிருந்து உள்ளேயே ரத்தம் கசியும், சில வகை முறிவுகளில் ஒரு லிட்டருக்கு மேலேகூட. வலியில் மூச்சை இழுத்து விட மாட்டார், இருமவும் மாட்டார், சளி கட்டும். அசையாத காலில் ரத்தம் உறையும். சிறுநீர்க் குழாய் வழியாகக் கிருமி ஏறும். வலியும் மருந்தும் புது இடமும் சேர்ந்து ராத்திரியில் ஆள் குழம்பிப்போய், செத்துப்போன அண்ணனைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்.

இங்கிலாந்தில் 2011-ல் வந்த தேசிய வழிகாட்டுதல், சேர்த்த அன்றோ மறுநாளோ ஆபரேஷன் முடிந்திருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க எலும்பு டாக்டர்கள் சங்கம் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் செய்தால் நல்லது என்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் 42,230 பேரின் பதிவுகளை வைத்து 2017-ல் வந்த ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் ஆனவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 5.8 சதவீதம், அதைத் தாண்டியவர்களில் 6.5 சதவீதம். வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் ஒரே மாதிரி உடல்நிலை உள்ளவர்களை ஜோடி சேர்த்து ஒப்பிட்ட பிறகும் நின்ற வித்தியாசம் அது.

சரி, அப்படியென்றால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லதா? அப்படியும் இல்லை. இந்தியா உட்பட 17 நாடுகளில், 2,970 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான பெரிய ஆய்வில், முறிவு என்று தெரிந்து சுமார் 6 மணி நேரத்தில் ஆபரேஷன் செய்தவர்களையும் சுமார் 24 மணி நேரத்தில் செய்தவர்களையும் ஒப்பிட்டார்கள். 90 நாளில் இறப்பு 9 சதவீதம், 10 சதவீதம், அதாவது பெரிய மாற்றம் இல்லை. ஆனால் சீக்கிரம் செய்தவர்களுக்கு மனக்குழப்பமும் சிறுநீர்த் தொற்றும் குறைவு, எழுந்து நின்றதும் வீட்டுக்குப் போனதும் முன்னதாகவே. ஆகவே மணிக்கணக்கில் பதற வேண்டாம். நாள்கணக்கில் போனால்தான் கவலைப்பட வேண்டும்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 2,660 பேரைத் தொடர்ந்து பார்த்து 2005-ல் வெளியிட்ட ஆய்வை நான் மூன்று முறை படித்தேன். உடம்பில் வேறு அவசரப் பிரச்சினை இல்லாதவர்களுக்கு நான்கு நாள் வரை தள்ளிப்போனாலும் 30 நாள் இறப்பு கூடவில்லை, நான்கு நாளைத் தாண்டினால்தான் 90 நாளிலும் ஒரு வருடத்திலும் இறப்பு இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் சேரும்போதே நெஞ்சுத் தொற்று, இதயக் கோளாறு போன்ற ஒன்றோடு வந்து, அதற்கு வைத்தியம் பார்த்த பிறகு ஆபரேஷனுக்குப் போனவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 17 சதவீதம், மற்றவர்களைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அவர்களைக் கொன்றது தாமதமா, தாமதத்துக்குக் காரணமான நோயா? பெரும்பகுதி நோய்தான். அதனால் "லேட் பண்ணியதால்தான் போய்விட்டார்" என்று எல்லாச் சாவுக்கும் சொல்லிவிட முடியாது, "உடம்பு சரியாகட்டும், மெதுவாகச் செய்யலாம்" என்று எல்லாத் தாமதத்தையும் ஏற்றுக்கொள்ளவும் முடியாது. உண்மையிலேயே ஏதோ ஒன்றைச் சரிசெய்துகொண்டிருக்கும் தாமதம் வேறு, சும்மா காத்துக் கிடக்கும் தாமதம் வேறு.

கேட்க வேண்டியது

"எப்போ சார் ஆபரேஷன்?" என்று கேட்டால் "ஃபிட்னஸ் வரட்டும்" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: "டாக்டர், எந்தப் பிரச்சினைக்காக நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்? அதற்கு இப்போது என்ன மருந்து போகிறது? அடுத்த டெஸ்ட் எத்தனை மணிக்கு? எந்த அளவு வந்தால் தியேட்டருக்கு எடுத்துக்கொள்வீர்கள்?" நான்குக்கும் பதில் வந்தால் நிம்மதியாகக் காத்திருங்கள். ஏதாவது ஒன்றுக்குப் பதில் இல்லை என்றால் அந்த இடத்தில்தான் நேரம் ஒழுகிக்கொண்டிருக்கிறது. எங்கள் விஷயத்தில் காத்திருந்தது சோடியத்துக்காக, ரத்தத்தில் இருக்கும் உப்பு அது; சனிக்கிழமையே அது போதுமான அளவு வந்துவிட்டது, ரிப்போர்ட் கேஸ் ஷீட்டில் இருந்தது, மயக்க மருந்து டாக்டருக்கு அதை யாரும் சொல்லவில்லை. இதை நான் திங்கட்கிழமைதான் தெரிந்துகொண்டேன்.

இந்தக் கேள்விகளை வீட்டில் ஒருவர் மட்டும் கேட்கட்டும். காலையில் மகன், மதியம் மருமகன், சாயங்காலம் சித்தப்பா என்று ஆளுக்கொரு தடவை கேட்டால் பதிலும் ஆளுக்கொன்றாக வரும். ரவுண்ட்ஸ் நேரத்தில் நோட்டோடு நில்லுங்கள், சொன்னதை எதிரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். குரல் உயர்த்த வேண்டிய தேவையே வராது.

எந்தக் காரணம் எவ்வளவு நியாயம்

பிரிட்டனின் மயக்க மருந்து டாக்டர்கள் சங்கம் 2011-ல் போட்ட பட்டியல் ஒன்று உண்டு, ஆபரேஷனைத் தள்ளிப்போட ஏற்கத்தக்க காரணங்கள் எவை என்று. ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே. சோடியம் 120-க்குக் கீழே அல்லது 150-க்கு மேலே. பொட்டாசியம் 2.8-க்குக் கீழே அல்லது 6-க்கு மேலே. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை. நுரையீரலில் நீர் கோக்கும் அளவுக்கு இதயம் தளர்ந்திருப்பது. சரிசெய்யக்கூடிய விதத்தில் துடிப்பு தாறுமாறாகி நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டி ஓடுவது. உடம்பு முழுக்கப் பரவிய நெஞ்சுத் தொற்று. சரிசெய்யக்கூடிய ரத்தம் உறையாத நிலை. அதே பட்டியலில் ஏற்க முடியாத காரணங்களும் உண்டு: தியேட்டர் காலியில்லை, எக்கோவுக்குக் காத்திருக்கிறோம், சின்ன அளவில் உப்பு ஏறி இறங்கியிருக்கிறது. இந்த எண்களை நீட்டி டாக்டரோடு வாதாடாதீர்கள், ஒவ்வொரு உடம்பும் வேறு. ஆனால் "உப்பு கம்மி" என்று சொன்னால் எவ்வளவு கம்மி என்று கேட்கிற தைரியம் இந்த எண்களிலிருந்து வரும்.

சோடியத்தைப் பற்றிக் கொஞ்சம் நிறையச் சொல்ல வேண்டும், எங்கள் கதை அது. சாதாரணமாக 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது பெரியம்மாவுக்கு 124. காரணம் அவர் வருடக்கணக்கில் சாப்பிட்ட பிரஷர் மாத்திரை. அதில் சிறுநீரை அதிகம் போகவைக்கும் தயசைட் வகை மருந்து கலந்திருந்தது, வயதான பெண்களுக்குச் சோடியத்தை இறக்கும் பழக்கமான ஆசாமி அது. சோடியம் குறைந்தால் தலை சுற்றும், நடை தள்ளாடும். அப்படியென்றால் கல்லுக்குப் பக்கத்தில் கால் வழுக்கியதுகூட அந்த மாத்திரையால் இருக்கலாம். இதை அவசரமாக ஏற்றிவிடவும் முடியாது, 24 மணி நேரத்தில் 8 முதல் 10 புள்ளிக்கு மேல் ஏற்றினால் மூளை நரம்புகளுக்கே சேதம் வரும். ஆனால் 135 வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மாத்திரையை நிறுத்தி, காரணத்துக்கேற்ப வைத்தியம் தொடங்கி, அளவு மேலே ஏறுகிறது என்று தெரிந்து, ஆள் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் ஆபரேஷனுக்குப் போகலாம்.

அடுத்தது ரத்தத்தை இளக்கும் மாத்திரை, அதிக நாள் வீணாவது இதில்தான். எல்லா மாத்திரையும் ஒன்றல்ல. எக்கோஸ்பிரின் என்று நாம் சொல்லும் ஆஸ்பிரினுக்காக ஆபரேஷனை நிறுத்த வேண்டியதில்லை. க்ளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்களை ஐந்து ஏழு நாள் படுக்கப்போட்டுவிட்டுச் செய்யும் வழக்கம் முன்பு இருந்தது. இப்போதைய வழிகாட்டுதல்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்கின்றன, முதுகில் மரத்துப்போகும் ஊசி போடாமல் முழு மயக்கம் கொடுத்துச் செய்துவிடலாம். இன்னும் சில இடங்களில் பழைய வழக்கம் ஓடுகிறது, "முழு மயக்கம் கொடுத்துச் செய்ய வாய்ப்பு உண்டா டாக்டர்?" என்று கேட்டுப் பாருங்கள். அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் டெஸ்ட்) பார்த்து, வைட்டமின் கே ஊசியை நரம்பில் போட்டால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் இறங்கும். மாத்திரையை நிறுத்திவிட்டு ஐ.என்.ஆர். தானாக இறங்கட்டும் என்று விட்டால்தான் நாள்கணக்கில் ஆகும். அபிக்ஸபான், ரிவராக்ஸபான், டாபிகட்ரான் என்றால் கடைசி மாத்திரை எப்போது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதை வைத்து ஒன்றிரண்டு நாள் பொறுப்பார்கள். அந்தத் தாளில் மணியை எழுதச் சொன்னது இதற்குத்தான். இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் என்றால் எந்த மாதம் வைத்தது என்பதையும் சொல்லுங்கள், எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எக்கோ. ஸ்டெதஸ்கோப்பில் இதயத் துடிப்போடு கூடுதலாக ஒரு இரைச்சல் கேட்டால் எக்கோ எடுப்பது நல்லதுதான், வால்வு சுருங்கியிருந்தால் மயக்கம் கொடுக்கும் முறையே மாறும். ஆனால் எக்கோ எடுப்பவர் திங்கட்கிழமைதான் வருவார் என்று வெள்ளிக்கிழமையிலிருந்து படுக்கவைப்பது வேறு விஷயம். வால்வு சுருங்கியிருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, கையில் ரத்தக் குழாய்க்குள் ஊசி வைத்து ஒவ்வொரு துடிப்புக்கும் பிரஷர் பார்த்தபடி செய்யும் அனுபவமுள்ளவர்கள் இருக்கிறார்கள். மற்றபடி எக்கோ ரிப்போர்ட் ஆபரேஷன் செய்வதா வேண்டாமா என்பதை மாற்றுவது அபூர்வம். "எக்கோவில் என்ன வந்தால் என்ன மாற்றுவீர்கள்?" என்று பணிவாகக் கேளுங்கள். வெளியே போய் எடுத்து வர முடியுமென்றால் அதையும் கேளுங்கள், ஆனால் வலி குறைய ஊசி போடாமல் ஸ்ட்ரெச்சரில் ஏற்றாதீர்கள்.

ரத்தசோகையில் ஒரு ஏமாற்று உண்டு. சேர்க்கும்போது உடம்பில் தண்ணீர் வற்றியிருப்பதால் ஹீமோகுளோபின் 11 என்று நன்றாகவே காட்டும், இரண்டு பாட்டில் குளுக்கோஸோ சலைனோ ஏறியதும் மறுநாள் 8.5 ஆகிவிடும். அதனால் மறுநாள் காலை திரும்பப் பார்த்தார்களா என்று விசாரியுங்கள், ரத்தம் ஏற்ற வேண்டிவரும் என்றால் கொடுப்பவர்களை முதல் நாளே தயார்செய்து வையுங்கள். ஆபரேஷன் அன்று காலை "இரண்டு யூனிட் வேண்டும்" என்று ஓடுவது நம் ஊரில் அன்றாடம் நடப்பது.

சர்க்கரை 250, 300 என்று இருப்பது மட்டுமே பல நாள் காத்திருக்கக் காரணம் ஆகாது, இன்சுலின் சொட்டு போட்டு சில மணி நேரத்தில் கட்டுக்குள் கொண்டுவரலாம். ரத்தம் அமிலமாகி மூச்சு வாங்கும் நிலை என்றால் அது வேறு, அதைச் சரிசெய்துவிட்டுத்தான் போக வேண்டும்.

மூச்சு வாங்குகிறது, ஆக்ஸிஜன் இறங்குகிறது, காய்ச்சலும் பிரஷர் குறைவும் சேர்ந்திருக்கிறது, அல்லது நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடிகிறது என்றால் அவசரப்படுத்தாதீர்கள். அங்கே ஒரு நாள் ஆன்டிபயாட்டிக்கும் நீர் பிரிய மருந்தும் உயிரைக் காக்கும். ஆனால் அதிலும் எல்லை உண்டு. படுத்தே கிடந்தால் நெஞ்சுத் தொற்று முழுசாக ஆறாது, ஓரளவு தேறியதும் ஆபரேஷன் செய்து உட்காரவைத்தால்தான் ஆறும். "முழுசா க்ளியர் ஆகட்டும்" என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

மருத்துவக் காரணமே இல்லாத தாமதம்

ஸ்பெயினில் 2,250 முதியவர்களைப் பார்த்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், தாமதத்துக்குக் காரணம் பத்தில் ஆறு பேருக்குத் தியேட்டர் கிடைக்காததுதான், மூன்றில் ஒரு பங்குக்குத்தான் உடல்நிலை. நம் ஊரில் இதோடு காப்பீட்டு அனுமதியும் பணம் புரட்டுவதும் இம்ப்ளான்ட் (உடைந்த இடத்தில் பொருத்தும் கம்பி அல்லது செயற்கைப் பந்து) வருவதும் சேரும். சேர்த்த அன்றே காப்பீட்டு மேசைக்குப் போய் விண்ணப்பம் கொடுங்கள், ஃபிட்னஸ் வந்த பிறகு அல்ல. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடட்டும். தனியாரில் தொகை கட்டுப்படியாகாது என்று முதல் நாளே தெரிந்தால் முதல் நாளே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றுங்கள், நான்காம் நாள் மாற்றினால் அங்கே மறுபடி முதலிலிருந்து டெஸ்ட் தொடங்கும்.

காத்திருக்கும்போது உங்கள் கையில் இருப்பவை

திங்கட்கிழமை எங்களிடம் "ராத்திரி பத்து மணிக்கு மேல் எதுவும் கொடுக்காதீர்கள்" என்றார்கள். மறுநாள் செவ்வாய் காலை எடுப்பார்கள் என்றிருந்தோம். பதினோரு மணி, ஒரு மணி, மூன்று மணி. பெரியம்மாவின் நாக்கு காய்ந்த வாழைச்சருகு மாதிரி ஆகிவிட்டது, பேச்சு குழறியது, என் பெயரை மாற்றிக் கூப்பிட்டார். தியேட்டருக்குள் போனது மாலை நாலரைக்கு. வழக்கமான விதி என்னவென்றால் திட உணவு ஆறு மணி நேரம் முன்பு வரை, தெளிந்த தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை. ஆகவே "லிஸ்டில் எத்தனையாவது? தண்ணீர் எத்தனை மணி வரை கொடுக்கலாம்?" என்று கேளுங்கள். ஆபரேஷன் தள்ளிப்போனது தெரிந்த நிமிடமே சாப்பாடு கொடுக்கலாமா என்று கேளுங்கள்.

வலிக்குத் தொடை மடிப்பில் ஒரு மரத்துப்போகும் ஊசி உண்டு, மயக்க மருந்து டாக்டர் போடுவார், அது கிடைத்தால் தூக்கம் வரவைக்கும் வலுவான வலி ஊசிகளின் தேவை குறையும், மனக்குழப்பமும் குறையும். காலில் எடை தொங்கவிடும் ட்ராக்‌ஷனால் பெரிய பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. போட்டிருந்தால் பட்டைக்குக் கீழே தோலைத் தினமும் பாருங்கள்.

குதிகாலைப் பாருங்கள். இதை நான் தவறவிட்டேன். நான்காம் நாள் ஒரு நர்ஸ் போர்வையை விலக்கிக் காட்டினார், இடது குதிகாலில் ஒரு ரூபாய் அளவுக்குக் கருஞ்சிவப்பாக ஒரு வட்டம், தொட்டால் சேறு மாதிரி அமுங்கியது. கெண்டைக்காலுக்குக் கீழே மடித்த துண்டை வைத்துக் குதிகால் காற்றில் நிற்கும்படி செய்திருந்தால் வந்திருக்காது. இடுப்பு ஆபரேஷன் தையல் இரண்டு வாரத்தில் ஆறியது, அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆனது.

அப்புறம், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வையுங்கள், மணிக்கொரு தரம் பத்து முறை ஆழமாக மூச்சிழுக்கச் சொல்லுங்கள், பந்து ஏறும் பிளாஸ்டிக் கருவி கொடுத்தால் அதைப் பயன்படுத்துங்கள். கண்ணாடி, காது மெஷின், பல் செட் எல்லாம் வீட்டிலிருந்து வரட்டும், கண்ணும் காதும் இல்லாமல் இருந்தால் யாருக்கும் குழம்பத்தான் செய்யும். ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி போட்டார்கள் என்றால் அந்த மணியையும் நோட்டில் எழுதுங்கள், முதுகில் மயக்க ஊசி போடும் முன் அதைக் கேட்பார்கள்.

ஆபரேஷன் முடிந்த பிறகு

மறுநாளே உட்காரவைத்து, முடிந்தால் வாக்கரோடு நிற்கவைக்க வேண்டும். பயந்துகொண்டு "ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று நாமே தடுத்துவிடக் கூடாது, வைத்த கம்பியும் பந்தும் நிற்பதற்காகத்தான் வைத்தது. டிஸ்சார்ஜ் ஆகும்போது இரண்டு விஷயம் கேளுங்கள்: எலும்பு தேய்மானத்துக்கு மருந்து தொடங்குகிறீர்களா, விழவைத்த காரணம் என்ன. பெரியம்மாவுக்கு அந்தப் பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது சோடியம் 137. துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு இரும்புக் கைப்பிடி பதித்திருக்கிறோம், அதைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது துணி அலசுகிறார்.